அப்பாவுக்கு ரவா தோசை

அப்பா காலமாகி ஒரு வருஷத்துக் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, அம்மாவை முதன்முதலாக வெளியே சாப்பிட அழைத்துக்கொண்டு போனோம். மைசூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு சின்ன ஓட்டல்தான். பரிமாறுகிறவர் வந்து, "ஏனு பேக்கம்மா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பாவுக்கு ரவா தோசை" என்றாள்.

மேஜையில் எல்லோரும் மௌனமாகி விட்டோம். நான்தான் சமாளித்துக்கொண்டு, "அம்மா, உனக்கு என்ன வேணும்?" என்றேன். அம்மா விலைப் பட்டியலைக் கையில் எடுத்தாள். மேலும் கீழுமாகப் பார்த்தாள். திருப்பி வைத்தாள். "நீயே சொல்லேன்டி" என்றாள்.

துக்கத்தில் பேசுகிறாள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், அது துக்கம் மட்டும் அல்ல என்று தெரிந்தது. நாற்பத்தெட்டு வருஷத் தாம்பத்யத்தில் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்விக்கு அம்மா சொன்ன பதில் எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: "அப்பாவுக்குப் பிடிச்சது." கேட்பவர்களும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டோம். உண்மையிலேயே பெருமைக்குரிய பிரியம்தான் அது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பிரியம் காட்டியவர் போன பிறகு, மீதி இருக்கிற மனுஷிக்கு ஒரு தோசை கேட்கத் தெரியவில்லையே என்பது என்னை வெகு நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

ஒருவரை ஆழமாக நேசிக்க வேண்டும், ஆனால் தான் காணாமல் போய்விடக் கூடாது. இது முடிகிற காரியமா? இந்தக் கேள்வியோடு நான் போய் நின்ற இடம் வேறெங்கோ இல்லை, நம் யாதவகிரியில் இருக்கும் ஆர்.கே. நாராயணன் வீடு.

மைசூர்த் தமிழர்களுக்கு நாராயணனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1906 அக்டோபர் 10-ஆம் தேதி சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். தந்தையார் மைசூரில் தலைமை ஆசிரியர். மகாராஜா கல்லூரியில் படித்து 1930-இல் பி.ஏ. முடித்தார். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், எழுத்தில் ஆங்கிலம் என்று நம்மில் பலருக்கும் பழக்கமான வாழ்க்கைதான் அவருடையதும். மால்குடி என்ற ஊரைப் படைத்தவர் என்று உலகமே அறிந்தவர், தம் சொந்த வாழ்க்கையில் பட்ட பெருந்துயரத்தைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

1933-இல் அவர் கோயம்புத்தூரில் தம் சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜம் என்ற பெண்ணைக் கண்டார். உடனே மனம் அங்கே போய்விட்டது. பெண்ணிடம் பேச முடியாத காலம். பெண்ணின் தகப்பனாரோடு சிநேகம் பிடித்து, ஒரு நாள் நேராகவே பெண் கேட்டு விட்டார். ஜாதகம் குறுக்கே நின்றது. ஏழாம் இடத்தில் செவ்வாய். மனைவிக்கு ஆகாது என்றார்கள் ஜோசியர்கள். பெரியவர்கள் தயங்கினார்கள். நாராயணன் விடவில்லை. 1934-இல் திருமணம் நடந்தது.

அப்போது அவருக்கு நிலையான வருமானம் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து வந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபராக அலைந்து திரிந்து செய்தி சேகரித்தார். (பிராமணர் அல்லாதார் கட்சியின் பத்திரிகைக்கு ஒரு ஐயர் வீட்டுப் பிள்ளை நிருபர்! அந்தக் கால மைசூரின் அழகு அது.) 1935-இல் கிரஹாம் கிரீனின் முயற்சியால் 'சுவாமியும் நண்பர்களும்' லண்டனில் வெளிவந்தது. 1937-இல் அடுத்த நாவல். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. 1939 ஜூன் மாதம் டைபாய்டு ஜுரத்தில் ராஜம் இறந்துபோனார். திருமணமாகி ஐந்து ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. குழந்தை ஹேமாவுக்கு வயது மூன்று.

இதற்கு மேல் சொல்வதற்கு முன், ஓராண்டு பின்னோக்கிப் போக வேண்டும். மனைவி நல்லபடியாகப் பக்கத்தில் இருந்த காலத்தில், 1938-இல், நாராயணன் 'இருட்டறை' என்று பொருள்படும் 'தி டார்க் ரூம்' என்ற நாவலை வெளியிட்டார். அவருடைய மற்ற நாவல்களைப் போலச் சிரிக்கவைக்கும் புத்தகம் அல்ல. சாவித்திரி என்ற குடும்பப் பெண், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரியான கணவன் ரமணி, மூன்று குழந்தைகள். கணவனின் முகக்குறிப்பைப் பார்த்தே அந்த வீட்டில் பொழுது விடியும். மனம் நொந்தால் சாவித்திரி வீட்டிலிருக்கும் இருட்டறையில் போய்ப் படுத்துக்கொள்வாள். எதிர்ப்புக் காட்ட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

கணவனுக்கு வேறொரு பெண்ணிடம் தொடர்பு ஏற்படுகிறது. சாவித்திரி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. உடம்பில் இருக்கும் நகை அப்பாவோ கணவனோ போட்டது. குழந்தைகளும் அவனுடையவர்கள். தனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு துரும்பு கிடையாது. ஆற்றில் விழப் போனவளை, பூட்டும் குடையும் பழுது பார்க்கிற, இரவில் திருடவும் செய்கிற மாரி என்பவன் காப்பாற்றித் தன் கிராமத்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே அவள் கேட்பது ஒன்றுதான்: சும்மா சோறு வேண்டாம், உழைத்துச் சாப்பிடுகிறேன். ஒரு கோயிலில் பெருக்கி மெழுகும் வேலை கிடைக்கிறது. கொஞ்சம் அரிசி, சில காசுகள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னுடையது என்று ஒரு சம்பாத்தியம்! ஆனால் குழந்தைகளின் ஏக்கமும் இரவுத் தனிமையின் பயமும் தாங்க முடியவில்லை. வீட்டுக்கே திரும்பி வந்து விடுகிறாள். பின்னொரு நாள் மாரி தெருவில் கூவிக்கொண்டு போகும்போது, அவனைக் கூப்பிட்டு ஏதாவது கொடுக்க நினைக்கிறாள். கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தோன்ற, கூப்பிடாமலே இருந்துவிடுகிறாள்.

சாவித்திரிக்கு அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? வேண்டிய மட்டும் இருந்தது. அவளிடம் இல்லாதது, அந்த அன்பை எங்கிருந்து கொடுக்கிறாளோ அந்த இடம். இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. முடிவில் ஏன் திரும்பி வந்தாள் என்று நாராயணன் மேலேயே கோபம். பிறகு நினைத்தேன்: 1930-களில் அவள் வேறு எங்கே போவாள்? என் அம்மாவுக்கு இவ்வளவு கஷ்டம் எதுவும் இல்லை. அப்பா தங்கமான மனிதர். ஆனாலும் ஓட்டல் மேஜையில் நான் பார்த்தது சாவித்திரியின் தூரத்து உறவுதான் என்று எனக்குப் பட்டது. கொடுமையால் மட்டும்தான் ஒருவர் தன்னை இழக்க முடியும் என்பதில்லை. சௌகரியத்தாலும், அன்பாலும், பழக்கத்தாலும் மெல்ல மெல்ல இழக்கலாம். இப்படி இழப்பதை யாரும் கவனிப்பதில்லை, இழப்பவர் உட்பட.

இனி ராஜம் இறந்த பிறகு நடந்ததற்கு வருவோம். நாராயணன் நிலைகுலைந்து போனார். எழுத்தே நின்றுவிடும் போலிருந்தது. சென்னையில் ஒரு வழக்கறிஞர் ஆவிகளோடு தொடர்பு கொண்டு எழுதிக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனார். ராஜத்திடமிருந்து செய்தி வருவதாக நம்பினார். இதையெல்லாம் நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது முக்கியமானது. 1945-இல் வெளியான 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவல் இந்த அனுபவத்தில் பிறந்தது. தம் நாவல்களிலேயே தம் சொந்த வாழ்க்கைக்கு மிக நெருங்கியது அதுதான், கற்பனை அதில் மிகக் குறைவு என்று 1974-இல் வந்த 'மை டேஸ்' என்ற சுயசரிதையில் அவரே சொல்கிறார்.

அந்த நாவலில் கிருஷ்ணன் கல்லூரி ஆசிரியர். மாதம் நூறு ரூபாய் சம்பளம். மனைவி சுசீலா. சாவித்திரியைப் படித்துவிட்டு சுசீலாவைப் படித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வீட்டுக் கணக்கு முழுக்க சுசீலா கையில். மளிகைப் பட்டியல் போடுவதில் ராணி. கணவன் அளவுக்கு மேல் வாங்கி வந்தால் கண்டிக்கத் தயங்க மாட்டாள். ஒரு மனுஷி என்று சொல்லும்படி வீட்டில் நடமாடுகிறாள்.

அவர்களுக்குள் வந்த ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணனிடம் ஒரு பழைய அலாரம் கடிகாரம் இருந்தது. நேரம் சரியாகக் காட்டாது, நினைத்தபோது அடிக்கும், அடித்தால் நிற்காது. அதன் தலையில் டெயின் என்பவர் எழுதிய தடித்த ஆங்கில இலக்கிய வரலாற்றுப் புத்தகத்தை வைத்தால்தான் வாயை மூடும். எத்தனையோ வருஷ சிநேகிதம். சுசீலா மேஜையைச் சுத்தம் செய்கிற உற்சாகத்தில், பழைய பேப்பர்க்காரனிடம் அதையும் போட்டு விட்டாள். கிருஷ்ணன் வந்து பார்த்துக் குதித்தார். பேச்சு வார்த்தை நின்றது. இரண்டு நாள் வீடே இருண்டு கிடந்தது. பிறகு சமாதானம் ஆயிற்று.

உதவாத ஒரு கடிகாரத்துக்காக இவ்வளவா என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கடிகாரம் கிருஷ்ணன் கல்யாணத்துக்கு முன் யாராக இருந்தாரோ, அவருடைய மிச்சம். சுசீலாவுக்கும் ஒழுங்காக இருக்கும் மேஜை என்பது வெறும் மேஜை அல்ல. அந்த வீட்டில் தன் கை இருக்கிறது என்பதற்கு அடையாளம். இரண்டு பேரும் இருந்ததால்தான் சண்டை வந்தது. எங்கள் வீட்டில் அப்பா அம்மா சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. சங்கத்துக் கூட்டங்களில் இதை எத்தனையோ தரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு பெருமையாகத் தோன்றவில்லை.

சுசீலா டைபாய்டில் இறந்த பிறகு, கிருஷ்ணனும் ஒரு நண்பர் மூலமாக அவளிடமிருந்து செய்திகள் பெறுகிறார். ஆரம்பத்தில் அந்தச் செய்திகளையே உயிராகப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் செய்திகள் அவரை இன்னும் இறுகப் பிடிக்கவில்லை, விலக்கி நிறுத்துகின்றன. இடையில் ஆள் தேவைப்படாமல் நீயே உன் மனத்தைத் தெளிவாக்கிக்கொள் என்ற போக்கில் போகின்றன. கடைசியில் அவர் மனமொப்பாத கல்லூரி வேலையை விட்டுவிட்டு, மிகக் குறைந்த சம்பளத்தில் குழந்தைகள் பள்ளி ஒன்றில் சேருகிறார். வெகு நாளாகத் தமக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டு வந்தவர், மனைவியை இழந்த பிறகுதான் தம்மைக் கண்டுபிடிக்கிறார். அந்த முடிவுக்குப் பிறகே அவளுடைய அருகாமையை நிறைவாக உணர்கிறார். அவளை மறந்து அவர் தேறவில்லை. தேறியதால் அவளை மறக்கவும் இல்லை. நிஜ வாழ்க்கையிலும் நாராயணன் மறுமணம் செய்துகொள்ளவில்லை, கூட்டுக் குடும்பத்தின் துணையோடு மகளை வளர்த்தார், எழுதிக்கொண்டே இருந்தார். 'கைடு' நாவல் 1958-இல் வந்தது. 1960-இல் சாகித்திய அகாதமி விருது. ராஜம் போன பிறகு மேலும் அறுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 2001-இல் சென்னையில் மறைந்தார்.

மனநல அறிஞர்கள் இந்த விஷயத்தைத் தங்கள் பாஷையில் எப்படிச் சொல்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் மர்ரே போவன் என்ற டாக்டர் குடும்பங்களை வெகுகாலம் ஆராய்ந்தார். நெருக்கமாக இருந்துகொண்டே "நான் இப்படி நினைக்கிறேன்" என்று பதற்றமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதை அவர் முதிர்ச்சியின் அளவுகோலாக வைத்தார். இங்கே கவனிக்க வேண்டியது, முறைத்துக்கொண்டு உறவை வெட்டிவிட்டுப் போவதையும் அவர் சுதந்திரம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒட்டிக்கொண்டே கிடப்பவரும் ஓடிப்போகிறவரும் ஒரே பயத்தின் இரு முகங்கள் என்பது அவர் கருத்தின் சாரம். நம் ஊர்களில் "தனிக்குடித்தனம் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

இன்னொன்று. ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1992-இல் ஒரு எளிய படத்தை வெளியிட்டார்கள். இரண்டு வட்டங்கள்: ஒன்று நீ, ஒன்று அவர். தொடாமல் தள்ளி நிற்பதிலிருந்து ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று கவிந்து கிடப்பது வரை ஏழு படங்கள். உங்கள் உறவு இதில் எது என்று காட்டச் சொல்வார்கள். அன்பில் அடுத்தவர் நம்முள் வந்து சேருகிறார், அதனால் நாம் பெரிதாகிறோம் என்பது ஆரனின் கொள்கை. அம்மாவிடம் இதைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். முழுக்கக் கவிந்த படத்தைத் தொட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இதில் எது நான்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2010-இல் அமெரிக்காவில் வேறு சிலர் செய்த ஆய்வு, காதல் முறிந்தவர்களுக்குத் தாங்கள் யார் என்ற தெளிவே குறைந்துபோகிறது என்றும், அவர்கள் படும் வேதனையில் அதற்கும் பங்கு உண்டு என்றும் காட்டியது. முறிவுக்குச் சொன்னது மரணத்துக்கும் பொருந்துமா என்பதை ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்த அளவில் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

இருவர் ஒன்றாகிவிட வேண்டும் என்பதற்கு நாம் உடனே எடுத்துவிடும் சான்று, குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டு. செம்மண் நிலத்தில் விழுந்த மழை நீர். கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகாத வருஷம் இல்லை. அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் உலகம் அறியச் செய்தவரும் நம் மைசூர்க்காரரே. 1929-இல் இங்கே தமிழ் பேசும் வீட்டில் பிறந்த ஏ.கே. ராமானுஜன், 1960-களில் சிகாகோவில் ஒரு நூலகத்தில்தான் சங்கப் பாடல்களைக் கண்டெடுத்தார். 1967-இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. அந்தப் பாட்டைப் பத்திரிகையில் போடுகிறவர்கள் கடைசி வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாட்டு தொடங்குவது வேறு இடத்தில். என் தாய் யார், உன் தாய் யார், நம் தந்தையருக்குள் என்ன உறவு, நாம் ஒருவரையொருவர் எப்படி அறிந்தோம் என்று மூன்று கேள்விகள் கேட்டு, இருவரும் வேறு வேறு மனிதர்கள் என்பதை நன்றாக நிறுத்திய பிறகுதான் மழை பெய்கிறது. அதுவும் கலந்தவை நெஞ்சங்கள் என்றுதான் புலவர் சொல்கிறார். புலவர் பெயரே நமக்குத் தெரியாமல், அந்த உவமையையே பெயராக வைத்துவிட்டோம். அவர் விஷயத்தில் 'நான்' கரைந்துபோனது உண்மைதான்!

சங்கத்தில் சில இளம்பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு: "மாமி, அப்படியானால் விட்டுக்கொடுக்கவே கூடாதா?" விட்டுக்கொடுக்காமல் குடித்தனம் நடக்காது. விட்டுக்கொடுப்பவருக்கு, தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும் என்று நினைக்கிறேன். சினிமாவுக்குப் போக ஆசை இருந்தும் அவருக்காக வீட்டில் இருப்பது ஒரு வகை; எனக்கு ஆசை என்று ஒன்று உண்டா என்பதே மறந்துபோவது இன்னொரு வகை. தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதைத் தானே போய் இயக்குவது; கல்யாணத்துக்கு முந்தின சிநேகிதி ஒருத்தியோடாவது தொடர்பு; அவருக்குப் பிடிக்காவிட்டாலும் தனக்குப் பிடித்த ஒரு பாட்டு, ஒரு புத்தகம், ஒரு சாமி. சின்ன விஷயங்கள்தான். ஆண்களுக்கும் இது பொருந்தும். மனைவி போன பிறகு வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் நின்ற பெரியவர்களை நம் காலனியிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. சுசீலா போன்ற மனைவிக்கு அவள் கையில் கணக்கைக் கொடுத்த ஒரு கணவன் இருந்தான். சாவித்திரிக்கு இல்லை. அடக்கி ஒடுக்குகிறவரிடம் மாட்டிக்கொண்ட பெண்ணிடம் போய் "உன் சுயத்தைக் காப்பாற்றிக்கொள்" என்று உபதேசம் செய்வது நியாயமில்லை. அவளுக்கு வேண்டியது துணையும் சட்டமும் போக்கிடமும்.

போன மாதம் அம்மாவை யாதவகிரி வீட்டுக்கு அழைத்துப் போனேன். நாராயணன் தமக்கென்று கட்டிக்கொண்டு 1950-களிலிருந்து வாழ்ந்த வீடு. 2011-இல் இடிபட இருந்ததை, மைசூர் மக்களும் பத்திரிகைகளும் குரல் எழுப்பித் தடுத்தார்கள்; 2016-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மாடியில் சுற்றிலும் ஜன்னல் வைத்த அறையில்தான் எழுதுவாராம். அம்மா அங்கே நின்று வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு இந்த வீட்டைப் பார்க்கவே இல்லையா?" என்றாள். இல்லை, வீடு கட்டுவதற்குப் பத்து வருஷம் முன்பே போய்விட்டாள் என்றேன். "அப்போ இந்த ஜன்னல் எல்லாம் இவரே பார்த்துப் பார்த்து வெச்சுண்டதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வெளியே வந்ததும் ஒரு கடையில் காபி சொல்லப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எனக்கு டீ சொல்லு. காபி எனக்கு அவ்வளவா பிடிக்காதுடி" என்றாள்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. டீயை முழுசாகக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி என்று கடைக்காரரிடம் கன்னடத்தில் சொன்னாள்.